எந்த முட்டி என்று கேட்கக்கூடாது

ஜெனில்டாவின் முட்டிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண் என்று கடிதம் வந்த அன்று காலை, அதே முட்டி பஸ் படியில் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பின்னால் ஏற நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் கண்டக்டர் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே வைத்தார். கடிதம் அவளுடைய கைப்பையில் பொன்னிற விளிம்போடு பத்திரமாக இருந்தது.

அவள் பிரேசிலின் ரெசிஃபே நகராட்சியில் கொசு ஒழிப்புப் பணியாளர். பதினேழு வருடமாக ஆல்ட்டோ சபொத்தி மேடுதான் அவள் வட்டாரம். நானூற்றுப் பன்னிரண்டு படிகள். படிகளின் இரண்டு பக்கமும் வீடுகள். வீட்டுக்கு வீடு கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. ஏணி வைத்து ஏறி, மூடியைத் தள்ளி, டார்ச் அடித்துப் புழு நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கி வந்து, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். “இப்பதான் கழுவுனேன், பளிச்சுனு இருக்கு, சும்மா கையெழுத்தைப் போடும்மா” என்று எந்த வீட்டுக்காரி கெஞ்சினாலும் ஜெனில்டா ஏணியில் கால் வைத்துவிடுவாள். கண்ணால் பார்க்காத தொட்டிக்கு அவள் கையெழுத்துப் போட்டதே இல்லை. இதனால் மேட்டில் அவளுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு.

முட்டி கெட்டதிலிருந்து அவளை டெலிபோன் மேசையில் உட்கார வைத்திருந்த மேற்பார்வையாளர் வால்டெமிருக்குக் கடிதத்தைப் படித்ததும் ஒரே சந்தோஷம்.

“தொண்ணூத்தஞ்சா! எம் பொண்ணு எந்தப் பாடத்துலயும் இவ்ளோ வாங்கினதில்லம்மா. இனிமே என்ன, டெலிபோன் மேசையை விட்டு எழுந்திரு. அடுத்த மாசத்துலேர்ந்து மேட்டுக்குப் போ.”

“ஐயா, முட்டி மடங்கவே மாட்டேங்குது. இப்ப பஸ்ல என்னைச் சாக்குமூட்டை மாதிரி தூக்கிப் போட்டாங்க.”

“அது நீ சொல்றது. இது பேப்பர் சொல்றது.”

“பேப்பரா வந்து ஏணி ஏறப் போகுது?”

“ஏறாது. ஆனா நீ ஏறலேன்னா உன்னை வேலையிலேர்ந்து எடுக்க அந்தப் பேப்பர் போதும். எனக்கு உன்மேல கோவமெல்லாம் இல்ல, ஜெனில்டா. நம்ம ஆபீஸ் லட்சணம் உனக்குத் தெரியாதா? அங்கேயே போய்ப் பேசு. அவங்க மாத்தி எழுதிக் குடுத்தா நானும் மாத்திக்கறேன்.”

‘அங்கே’ என்று அவர் சொன்னது குருத்தெலும்புச் சீரமைப்புப் படிம மதிப்பீட்டு உயர் நிறுவனத்தை. பெயர் நீளமாகிவிட்டதால் பலகையின் கடைசிப் பகுதி பக்கத்துப் பேக்கரியின் சுவரில் தொங்கும். ஒரு வருடத்துக்கு முன்பு அங்கேதான் டாக்டர் ரோமுலோ அவளுடைய இடது முட்டியைத் திறந்தார். ஓரத்திலிருந்து குருத்தெலும்பைக் கடுகளவு கிள்ளி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, சில வாரம் கழித்து மறுபடி திறந்து, பள்ளம் விழுந்த இடத்தில் ஒட்டினார். அவர் கை நல்ல கை. நாலு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஐந்தாம் மாதம் மழையில் சொந்த வீட்டு வாசற்படியில் வழுக்கினாள். உள்ளே என்னவோ பிய்ந்தது. அன்றிலிருந்து வீக்கம், வலி, நினைத்த நேரத்தில் பூட்டு.

நிறுவனத்தின் ஆராய்ச்சியில் அவள் சேர்ந்திருந்ததால் ஒப்பந்தம் ஒன்று இருந்தது. பன்னிரண்டாம் மாதத்து எம்.ஆர்.ஐ. படத்துக்கு அறுபதுக்குக் கீழே மதிப்பெண் வந்தால், நிறுவனமே மறுபடி அறுவை செய்து தரும். மேலே வந்தால் முப்பது நாளில் கோப்பை மூடிவிடுவார்கள். ஆக, ஜெனில்டா ஏழு மாதமாக மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்டதெல்லாம் பரீட்சையில் தோற்க வேண்டும் என்றுதான். மாதா யாருடைய பேச்சையோ கேட்டுப் பாஸ் போட்டுவிட்டாள்.

வரவேற்பில் இருந்த நெய்டி அவளிடம் தொடைவரை வரும் தடித்த வெள்ளைக் காலுறை இரண்டைக் கொடுத்தாள்.

“இந்த வெக்கையில ரெண்டு காலுக்குமா?”

“ரெண்டுக்கும்தான் அக்கா. இல்லேன்னா எந்தக் காலுன்னு தெரிஞ்சுபோயிடும்ல?”

“தெரிஞ்சா என்னவாம்?”

நெய்டி சுற்றுமுற்றும் பார்த்தாள். “மெதுவாப் பேசுங்க, புண்ணியமாப் போகும்.”

நிறுவனத்தின் பெருமையே கண்மறைப்புதான். மதிப்பெண் போடுகிறவருக்கு நோயாளி யார் என்று தெரியக்கூடாது, தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்பது உலகமெங்கும் இருக்கிற நல்ல வழக்கம். இவர்கள் அந்த நல்ல வழக்கத்தின் கழுத்தைப் பிடித்தவர்கள் விடவே இல்லை. முதல் வருடம் நோயாளியின் பெயரை மறைத்தார்கள், பதக்கம் கிடைத்தது. அடுத்த வருடம் வயதையும், அறுவை செய்தவர் யார் என்பதையும் மறைத்தார்கள். அதைவிடப் பெரிய பதக்கம். மூன்றாம் வருடம் மறைக்க வேறொன்றும் மிச்சமில்லாததால், எந்த முட்டியில் அறுவை நடந்தது என்பதையும் மறைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து இரண்டு முட்டிகளையும் படமெடுத்து, ‘அ’, ‘ஆ’ என்று பெயர் வைத்து, படத்தைப் படித்து மதிப்பெண் போடுகிறவர்களிடம் கொடுப்பார்கள். எது சீரமைத்த முட்டி என்பதை அவர்களே படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பதினான்காம் விதி இருக்கிறது: ‘நமது சிகிச்சை முட்டியைச் சிறப்பாக்குகிறது. ஆகவே இரண்டில் சிறப்பாக இருப்பதே சிகிச்சை பெற்ற முட்டி.’ இந்த விதியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாடிப்படி அருகே மாட்டியிருந்தார்கள்.

படிப்பவர்கள் இரண்டு பேர்: டாக்டர் அமவுரி, டாக்டர் லீஜியா. கணவன் மனைவி. ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காதபடி நடுவில் ஒரு பலகை நிற்கும். வீட்டில் மின்விசிறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள், அலுவலகத்தில் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒற்றுமை. இந்த ஒற்றுமையைப் பற்றி இயக்குநர் ஏழு நாடுகளில் பேசியிருக்கிறார். ஒரு நல்ல முட்டியையும் ஒரு கெட்ட முட்டியையும் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று கேட்டால் யாருக்கும் சண்டை வராது என்பதை எந்த நாட்டிலும் யாரும் எழுந்து சொல்லவில்லை.

இயக்குநர் டாக்டர் தெயோஃபிலு நாற்காலியிலிருந்து எழுந்து, மரியாதையாக ‘தோனா’ போட்டே வரவேற்றார்.

“வாங்க, வாங்க தோனா ஜெனில்டா! தொண்ணூத்தஞ்சு! உங்க வயசுக்கு... வேணாம், வயசைச் சொல்லிடாதீங்க.”

“டாக்டர், நீங்க மார்க் போட்டது என் நல்ல முட்டிக்கு. அறுத்தது இட—”

“ஸ்ஸ்ஸ்!” இயக்குநர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். “பக்கத்தைச் சொல்லாதீங்கம்மா! பத்து வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒரே ஒரு நோயாளியோட எந்தக் காலுன்னுகூட இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இந்த ஊர்ல எத்தனை டாக்டர் இப்படி நெஞ்சை நிமித்திச் சொல்ல முடியும்?”

“அப்போ வலிக்குதுன்னு நான் எப்படித்தான் சொல்றது?”

“வலிங்கறது நோயாளியோட அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு நாங்க மரியாதை குடுப்போம், கணக்குல சேர்க்கமாட்டோம். படம் பொய் சொல்லாது. ஏன்? படத்துக்கு எதுவும் தெரியாது. எங்களுக்கும் எதுவும் தெரியாது. அதனாலதான் எங்க முடிவு இவ்வளவு சுத்தமா இருக்கு.”

ஜெனில்டாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, காலுறையைக் கணுக்கால் வரை உருட்டிவிட்டாள். முட்டியின் குறுக்கே தழும்பு பளபளத்தது. இயக்குநர் கோப்பு ஒன்றை எடுத்து முகத்தில் அறைந்துகொண்டார். ஆனால் கதவருகே நின்ற நெய்டியும், காப்பி கொண்டுவந்த அம்மாவும் நன்றாகப் பார்த்துவிட்டார்கள்.

தழும்பைப் பார்த்தவருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. உண்மை தெரிந்தவர் நிறுவனத்துக்குள் இருந்தால் ஆராய்ச்சி கெடும். ஆகவே இருபத்திரண்டாம் விதிப்படி அவர் முப்பது நாள் சம்பளத்தோடு வீட்டில் இருக்க வேண்டும். கார்னிவல் திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நெய்டியும் காப்பி அம்மாவும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய வேகத்திலேயே செய்தி மூன்று மாடிக்கும் பரவியது.

ஜெனில்டா நடைக்கு வந்தபோது வரிசை நின்றது.

“அக்கா, ஒரே ஒரு நிமிஷம். எனக்கும் காட்டிட்டுப் போங்க.”

“அம்மா தாயே, போன வருஷமும் எனக்கு லீவு குடுக்கல. லேசா ஓரத்தைக் காட்டினாப் போதும்.”

லிஃப்ட் இயக்குபவன் அவள் முன்னால் மண்டியிட்டே விட்டான். “இன்னொரு காலையும் பார்த்தா அறுபது நாள் கிடைக்குமா?” என்று கேட்டான். ஏழு மாதமாக எல்லோரும் பார்க்க மறுத்த முட்டியை அன்று பதினோரு பேர் பார்த்தார்கள். ஒருவராவது ‘வலிக்குதா’ என்று கேட்கவில்லை. அது அவளுக்கு மனதில் தைத்தது.

மிச்சமிருந்த ஊழியர்களைக் காப்பாற்ற, மறுநாளே மேல்முறையீட்டுக் குழு கூடியது. இரண்டு காவலர்கள் முன்னும் பின்னும் படுக்கை விரிப்பைத் திரையாகப் பிடிக்க, ஜெனில்டா கோயில் சிலைபோல ஊர்வலமாக உள்ளே கொண்டுவரப்பட்டாள். புகார்ப் படிவத்தில் ‘வலி எங்கே’ என்ற கேள்விக்கு ‘உடலில்’, ‘உடலுக்கு வெளியே’ என்று இரண்டே பதில்கள் அச்சிட்டிருந்தன. அவள் முதலாவதைக் குறித்தாள்.

டாக்டர் ரோமுலோவும் வந்திருந்தார். அறுத்தவர் என்பதால் அவருக்கு எந்த முட்டி என்று தெரியும். தெரிந்தவர் முகத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். எனவே அவரைச் சுவரைப் பார்த்தபடி, வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு உட்கார வைத்திருந்தார்கள்.

திரையில் இரண்டு படங்களும் ஒளிர்ந்தன. டாக்டர் அமவுரி எழுந்தார்.

“‘அ’ அற்புதம். ஒட்டுப்போட்ட தடமே தெரியல. பழசு எங்க முடியுது, புதுசு எங்க ஆரம்பிக்குதுன்னு நானும் தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவே இல்ல.”

“ஒட்டே போடாத இடத்துல தடம் எங்கேருந்து வரும்?” என்றாள் ஜெனில்டா.

‘நோயாளி பாராட்டினார்’ என்று குறிப்பெடுத்தார்கள்.

டாக்டர் லீஜியா அடுத்து எழுந்தார். “‘ஆ’ பரிதாபம். ஓரம் பிஞ்சு தூக்கிட்டு நிக்குது. மூட்டு முழுக்க நீர். அடியில எலும்பும் வீங்கிக் கிடக்கு. முப்பத்தஞ்சுக்கு மேல போட மனசு வரல. இயற்கை இவ்ளோ அசிரத்தையா வேலை பார்க்கும்னு நான் நினைக்கல.”

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. ஜெனில்டா ஏழு மாதமாக உள்ளே உணர்ந்ததை அந்த அம்மாள் வெளியே நின்று அப்படியே படித்துவிட்டார். இவ்வளவு நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இவ்வளவு முட்டாள்களாக இருக்க முடியுமா என்று அவளுக்கு அழுகை முட்டியது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது.

“நண்பர்களே, இன்னிக்கு நாம இயற்கையைத் தாண்டிட்டோம். கடவுள் செஞ்ச முட்டி முப்பத்தஞ்சு. நாம செஞ்ச முட்டி தொண்ணூத்தஞ்சு. கடவுளை நான் குறை சொல்லல. பாவம், அவருக்கு விதிமுறைப் புத்தகம் கிடையாது. அவர் ஒவ்வொருத்தரையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வேலை செய்யறார். அதனாலதான் தப்பு வருது.”

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ரோமுலோ இருமினார்.

“அந்த இருமலைப் பதிவு பண்ணாதீங்க,” என்றார் இயக்குநர். “எந்தப் பக்கமா இருமினார்னு யாராவது யோசிப்பாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா நமக்கும் இரக்கம் உண்டு. இவ்வளவு மட்டமான இயற்கை முட்டியோட இந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பறது நியாயமில்ல. இவங்களைப் புது நோயாளியாச் சேர்த்துப்போம். ‘ஆ’வுக்கும் நம்ம சிகிச்சையைக் குடுப்போம்.”

‘அடப்பாவிகளா, அதுதானே இது!’ என்று சொல்ல ஜெனில்டா வாயைத் திறந்தாள். சுவர்ப் பக்கம் ரோமுலோவின் கை, நாற்காலிக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல் காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டியது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

படிவத்தை முன்னால் வைத்தார்கள். ‘இந்த முட்டியை இதுவரை எந்த மருத்துவரும் தொட்டதில்லை என உறுதி கூறுகிறேன்.’ பதினேழு வருடம், பார்க்காத தொட்டிக்குக் கையெழுத்திடாதவள். இப்போது தன் காலிலேயே இருக்கும் தழும்பை இல்லை என்று எழுதித் தர வேண்டும். உண்மையைச் சொன்னால் கோப்பு மூடும், முட்டி போகும், வேலையும் போகும். பொய்யைச் சொன்னால் மூன்றும் கிடைக்கும். அவமானத்தில் காது மடல் சுட்டது. பேனாவை அழுத்திப் பிடித்துக் கையெழுத்திட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கார்னிவல் முடிந்த வாரம் முதல் அறுவை. இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்திருந்ததால் திரைக்குப் பின்னால் நடக்கும் பேச்சு அவளுக்குக் கேட்டது.

“உள்ள பழைய தையல் இருக்கு,” என்றார் ரோமுலோ.

“டாக்டர், இது இயற்கை முட்டி,” என்றாள் நர்ஸ். “படிவத்துல தையலுக்குக் கட்டமே இல்லையே. என்ன எழுதட்டும்?”

“உனக்கு என்ன தோணுதோ எழுதும்மா.”

நர்ஸ் பேனாவை எடுத்தாள். “பிறவியிலேயே உள்ள நூல்னு எழுதிடறேன்.”

“எழுது. யாரோ நல்லாத்தான் தெச்சிருக்கான், பாவம்.”

திரைக்கு இந்தப் பக்கம் ஜெனில்டா சிரித்ததில் மேசை குலுங்கியது; ‘நோயாளி ஆடாமல் இருக்கவும்’ என்று மூன்று பேர் ஒரே குரலில் சத்தம் போட்டார்கள்.

சில வாரம் கழித்து, வளர்த்த குருத்தெலும்பை ஒட்டினார்கள்; இந்தத் தடவை ஒட்டு நின்றது. மாதங்கள் போகப் போக வீக்கம் வடிந்தது, பூட்டு விட்டது. வால்டெமிர் பழைய கடிதத்தைக் காட்டி இரண்டு தடவை விரட்டிப் பார்த்தார். புது அறுவைக்கான சீட்டைக் காட்டியதும் டெலிபோன் மேசையை அவளுக்கே விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் அவளே போய் மேட்டின் அடியில் நின்றாள். நானூற்றுப் பன்னிரண்டு படி. மேலே போய்ச் சேர்ந்து, ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “வந்துட்டியா பழையபடி!” என்று ஒரு வீட்டுக்காரி அலுத்துக்கொண்டே ஏணியை எடுத்துப் போட்டாள்.

நிறுவனத்துக்குத்தான் கெட்ட காலம் பிறந்தது. பன்னிரண்டாம் மாதப் படத்தில் ‘அ’வும் ‘ஆ’வும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் நின்றன. டாக்டர் அமவுரி ஒன்றைத் தேர்ந்தார். டாக்டர் லீஜியா மற்றதைத் தேர்ந்தார். வீட்டுச் சண்டை முதல் முறையாக அலுவலகத்துக்கு வந்தது. பலகைக்கு இரண்டு பக்கமும் குரல் உயர்ந்து, மின்விசிறியிலிருந்து மாமியார் வரை எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒற்றுமைக் கணக்கு தொண்ணூற்றெட்டிலிருந்து சரிந்தது. நிறுவனத்தின் வரலாற்றிலேயே சிகிச்சை முழுதாகப் பலித்த நோயாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இரண்டு வாரம் விவாதித்து, முடிவைக் கடிதமாக அனுப்பினார்கள்: ‘ஆராய்ச்சியின் நலன் கருதி, தங்களுக்கு முட்டிகள் இல்லை எனக் கொள்ளப்படுகிறது.’

அந்தக் கடிதத்தை ஜெனில்டா ஏணியின் ஆடும் காலுக்கு முட்டுக்கொடுக்க மடித்து வைத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டதும் ஊரில் கொசுக் காய்ச்சல் பரவியது. நிறுவனம் இருந்த தெருவில்தான் அதிகம். பேக்கரிக்காரர் படுத்துவிட்டார், நெய்டி படுத்துவிட்டாள். வால்டெமிர் மேட்டிலிருந்து ஜெனில்டாவைக் கீழே இறக்கி அந்தத் தெருவுக்கு அனுப்பினார்.

இயக்குநர் மொட்டைமாடி வாசலிலேயே மறித்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரியும் இருந்தது.

“மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லம்மா. எங்க தொட்டியைப் போன வாரம்தான் மேலேருந்து படமெடுத்தோம். ரெண்டு பேர் தனித்தனியாப் படிச்சிருக்காங்க. தொண்ணூத்தேழு.”

“மாடியில ரெண்டு தொட்டி இருக்கே டாக்டர். எதைப் படிச்சாங்க?”

“ரெண்டுல எது நல்லா இருந்துச்சோ அதை.”

ஜெனில்டா அவரைத் தாண்டி இரும்பு ஏணிக்குப் போனாள். பதினெட்டுப் படி, நெட்டுக்குத்தாக. முதல் தொட்டி புதிது, மூடியோடு இருந்தது. அடுத்ததற்கு மூடி உடைந்து பாதிதான் மிச்சம். டார்ச் அடித்தாள். தண்ணீர் முழுக்க உயிரோடு நெளிந்தது. ஒரு கண்ணாடிக் குப்பியில் மொண்டுகொண்டு, கம்பியைப் பிடிக்காமலே தடதடவென்று இறங்கி, குப்பியை இயக்குநரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

அவர் குப்பியைப் பார்க்கவில்லை. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடத்தில் முதல் தடவையாக ஒரு நோயாளியின் காலைப் பார்க்கிறார்.

“என்னமா ஏறி இறங்கறீங்க! எங்க வேலைதானே இது! எங்க வேலைதான்! சொல்லுங்க தோனா ஜெனில்டா, யாரும் இல்ல, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. எந்த முட்டி அது?”

“ஸ்ஸ்ஸ்!” என்றாள் ஜெனில்டா. “அதைச் சொன்னா உங்க கண்மறைப்பு கலைஞ்சிடும் டாக்டர். தொட்டியைக் கழுவச் சொல்லுங்க, நாலு நாள்ல திரும்ப வருவேன்.”

பிறகு அவருடைய அறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் அட்டையை ஒட்டினாள். ‘புழு இருக்கிறது’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டாள்.